எல் உடம்பு, எஸ் கை

சாமுவேல் அண்ணன் ஆறடிக்கு மேல் இருப்பார். எங்கள் ஆலையில் மசாலா கலக்கும் பிரிவில் சீனியர் ஆபரேட்டர். போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, அவர் என் முன்னால் வந்து நின்ற கோலம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் கை, முழங்கைக்குச் சற்றுக் கீழேயே முடிந்துவிட்டது. அதற்குக் கீழே முழுக்க அவருடைய சொந்தக் கை... ரோமத்தோடு.

"இன்னா மேடம், ஒரே ஞாயித்துக்கெழமையில வளந்துட்டனா நானு?" என்றார், இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டி.

உடை மாற்றும் அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவரை உள்ளே விடவில்லை. என் வேலையே அதுதான்.

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வந்திருப்பவர்களுக்காக: நான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், மிக்சர், முறுக்கு பாக்கெட் போடும் ஓர் ஆலையில் தரப் பிரிவில் இருக்கிறேன். காலை ஷிஃப்டில் உற்பத்திக் கூடத்தின் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பார்த்து அனுப்புவேன். நகம் வெட்டியிருக்கிறதா, வளையல் கழற்றியாயிற்றா, முடி முழுவதும் வலைத்தொப்பிக்குள் இருக்கிறதா, கோட்டின் கை மணிக்கட்டு வரை மூடுகிறதா? நான்கும் சரியாக இருந்தால் போகலாம். ஒன்று தவறினாலும் நில்லுங்கள்.

எங்கள் கோட்டுகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அவை யாருக்கும் சொந்தமில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் கழற்றிப் பெரிய தொட்டியில் போட்டுவிட வேண்டும். லாண்டரி வண்டி வந்து எடுத்துப் போகும். துவைத்து, இஸ்திரி போட்டு, எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று நான்கு ஸ்டாண்டுகளில் மாட்டிவிடுவார்கள். எந்த அளவு என்பது காலரின் உள்பக்கத்தில் போட்டிருக்கும் கலர் தையலைப் பார்த்தால் தெரியும். எல் என்றால் நீலம். வருகிறவர் தன் அளவு ஸ்டாண்டில் கைக்கு வந்ததை எடுத்துப் போட்டுக்கொள்வார். இன்று நான் போட்ட கோட்டை நாளை யார் போடுவார்? தெரியாது. பஸ் சீட் மாதிரிதான்.

சாமுவேல் அண்ணன் எடுத்ததும் நீலத் தையல் போட்ட எல் கோட்டுதான். ஆனால் அதன் கையை யாரோ கணிசமாக வெட்டி, மடித்துத் தைத்திருந்தார்கள்.

யார்?

நான் கேட்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "அது நான் தச்சதுண்ணா."

கவுரி. ஆரம்பாக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். காண்ட்ராக்டர் மூலமாகக் கூடம் பெருக்கித் துடைக்கும் வேலைக்கு வந்து, கவனித்துக் கவனித்தே பாக்கெட் சீல் போடும் மிஷினைக் கற்றுக்கொண்டவள். அன்றைக்கு அவள் அந்த மிஷினில் டிரையலில் இருந்தாள். வரும் சனிக்கிழமை வரை குறையில்லாமல் ஓட்டிக் காட்டினால் கம்பெனி ஆளாக ஆபரேட்டர் வேலை. இல்லாவிட்டால் மறுபடியும் துடைப்பம்.

அவளுடைய சிக்கல் மிகவும் எளிமையானது. ஆள் உயரம் குறைவு, நல்ல கட்டுமஸ்தான உடம்பு. மார்புக்கு எல் வேண்டும். கைக்கு எஸ் போதும். எங்கள் ஆலைக் கோட்டுகளோ ஆண்களின் உடம்பை மனத்தில் வைத்துத் தைத்தவை. உடம்பு அகலமானால் கையும் நீளமாகத்தான் இருக்கும் என்பது அவற்றின் நம்பிக்கை. எல் போட்டால் விரல் நுனி வரை கை தொங்கும். எஸ் போட்டால் பட்டன் நெஞ்சில் நிற்காது.

கையை மடித்துவிட்டுக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கூடாது. ஒரே கூடத்தில் நிலக்கடலை போட்ட மிக்சரும் ஓடும், கடலையே இல்லாத முறுக்கும் ஓடும். மடிப்புக்குள் கடலைத்தூள் சேர்ந்து, அடுத்த முறை முறுக்கில் கொட்டினால்? கடலை ஆகாத ஒருவருக்கு அது உயிர் போகிற விஷயம்.

அப்படியானால் இத்தனை காலம் அவளும், அவளைப் போன்ற உடம்புவாகு உள்ள மற்ற பெண்களும் எப்படிச் சமாளித்தார்கள்? கோட்டின் கையை மேலே இழுத்து, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் மாட்டி, அதன் மேல் கையுறை போட்டுக்கொண்டார்கள். எனக்குத் தெரியாமல்தான். ஒருநாள் சல்லடையில் ஒரு ரப்பர் பேண்ட் கிடைத்தது. பாக்கெட்டுக்குள் போகாமல் தப்பியது. அன்றே ரப்பர் பேண்டுக்குத் தடை போட்டேன். தடை போட்டதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

ஆனால் ரப்பர் பேண்ட் போனதும் கை தொங்க ஆரம்பித்தது. சீல் போடும் மிஷினில் பாக்கெட்டின் வாயை ஒட்டுவதற்கு இரண்டு சூடான இரும்புக் கட்டைகள் உண்டு. பக்கத்தில் பிளாஸ்டிக் சுருள் சிக்கினால் ஆபரேட்டர் கை நீட்டிச் சரிசெய்ய வேண்டும். கவுரியின் தொங்கல் கை ஒரு தடவை அந்தக் கட்டையில் பட்டுக் கருகிவிட்டது. துணிதான். விரலுக்கும் அதற்கும் அதிக தூரமில்லை.

எனவே அவள் ஒரு கோட்டைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து வெளியே கொண்டுபோய், பஜாரில் ஒரு டெய்லரிடம் கொடுத்து, தன் கைக்குத் தகுந்த மாதிரி குறைத்து வாங்கி வந்திருக்கிறாள். முந்தின சனிக்கிழமை அதைப் போட்டுத்தான் மிஷின் ஓட்டினாள். எல்லாம் கச்சிதம். சாயந்தரம் ஷிஃப்ட் முடிந்ததும், தினம் செய்கிற பழக்கத்தில் கழற்றித் தொட்டியில் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

"பஸ்ஸு எளாவூர் தாண்டினப்புறம்தான் மேடம் ஞாபகமே வந்துச்சி. ஒரே பேஜாராப் பூடுச்சி" என்றாள்.

ஆசை ஆசையாக அளவெடுத்துத் தைத்ததை ஊருக்கே பொதுவில் போட்டுவிட்டு வருவது... எங்கள் ஆலையில் மட்டும்தான் நடக்கும்.

ஒன்று சொல்கிறேன். ஆல்டரேஷன் இல்லாமல் நம்மில் யார் துணி போடுகிறோம்? ஆன்லைனில் வாங்கிய சுடிதார் எதுவும் எனக்கு நேரடியாகப் பொருந்தியதில்லை. பக்கவாட்டில் பிடிக்க வேண்டும், தோளில் ஏற்ற வேண்டும். என் கணவர் வாங்கும் பேன்ட்டெல்லாம் கடை வாசலிலேயே கீழ்ப்பக்கம் வெட்டுப்பட்டுத்தான் வீட்டுக்கு வரும். ஜவுளிக்கடை எங்கே இருக்கிறதோ, அதன் படிக்கட்டுக்கு அடியில் ஒரு தையல் மிஷின் இருக்கும். ரெடிமேட் என்பது முக்கால்வாசிதான் ரெடி. மீதியை நாம்தான் முடித்துக்கொள்கிறோம். அதைத்தான் கவுரியும் செய்தாள்.

இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சாமுவேல் அண்ணன் கழற்றிக் கொடுத்த கோட்டைக் கையில் எடுத்தேன். தையல் நன்றாகவே இருந்தது. ஆனாலும் என் பழக்கம் என்னை விடாது. பாக்கெட்டுகள் வெளியே போகும் முன் மெட்டல் டிடெக்டர் பெல்ட்டில் போகும். எங்கள் கோட்டின் பட்டனெல்லாம் பிளாஸ்டிக், அதற்குச் சத்தம் வராது. அந்தப் பெல்ட்டில் கோட்டை மடித்து வைத்தேன்.

கீச்சென்று சத்தம் போட்டு பெல்ட் நின்றது.

இடது கை மடிப்புக்குள் முறிந்த குண்டூசித் துண்டு ஒன்று. டெய்லர் அளவு குத்தியபோது உள்ளே முறிந்ததாக இருக்கலாம். அதை உடை மாற்றும் அறைக்குக் கொண்டுவந்து காட்டினேன். கவுரியின் முகம் வெளுத்துவிட்டது. அவள் அழவில்லை, சாக்குச் சொல்லவில்லை. "இது உள்ள இருந்துச்சினு எனக்குத் தெரியாது மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

விஷயம் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் போயிற்று. போகாமல் இருக்க முடியாது, நானே கொண்டுபோனேன். கம்பெனிப் பொருளை வெளியே கொண்டுபோனது ஒரு தவறு, வெட்டியது இன்னொன்று, ஊசி மூன்றாவது என்று அவர் விரல் விட்டு எண்ணினார். டிரையலை அன்றோடு நிறுத்திவிடலாம் என்பது அவர் யோசனை.

ஊசியைப் பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி என்றேன். வெளி டெய்லரிடம் கோட்டு போகவே கூடாது. ஆனால் அவளை நிறுத்தினாலும் அந்தக் கை தொங்குவது நிற்காதே? அடுத்து அந்த மிஷினுக்கு வருகிற பெண்ணுக்கும் அதே கைதான் தொங்கும். கை குறைவான எல் கோட்டுகளை வாங்கினால் ஒழிய இது தீராது. அதற்கு மேனேஜர் கொள்முதல் பிரிவுக்கு ஒரு மெயில் அனுப்ப வேண்டும்.

"அனுப்பலாம், பாக்கலாம்" என்றார். நான் அதைக் கேட்டது அன்றைக்கு முதல் முறையல்ல. ரப்பர் பேண்டுக்குத் தடை போட்ட அன்றே கேட்டிருந்தேன். அப்போதும் "அனுப்பலாம், பாக்கலாம்"தான். நாலு பேருக்காகத் தனி அளவு வாங்குவதா என்பது அவர் தயக்கம்.

கடைசியில் இரண்டுக்குச் சம்மதித்தார். கவுரி சனிக்கிழமை வரை ஓட்டலாம். சனிக்கிழமை அவரே நின்று பார்ப்பார். துணி ஒரு தரம் மிஷினில் பட்டாலும் பழைய வேலைக்குப் போய்விட வேண்டும். இரண்டாவது, லாண்டரியிலேயே ஆறு எல் கோட்டுகளின் கையைக் குறைத்துப் பார்க்கலாம்.

லாண்டரி காதர் பாயினுடையது. பழவேற்காட்டுக்காரர். பொன்னேரி ரோட்டில் வைத்திருக்கிறார். பிய்ந்துபோன பிரஸ் பட்டனை மாற்றுவதற்கு அங்கே ஒரு தையல் மிஷினும் ஆளும் உண்டு. என் நிபந்தனைகளைச் சொன்னேன். குண்டூசியே தொடக் கூடாது, சாக்பீஸால் குறி போட வேண்டும். நூல் நுனி வெளியே தெரியக் கூடாது. தைத்து முடித்து எங்கள் டிடெக்டரில் ஓடிய பிறகுதான் ஸ்டாண்டுக்கு வரும்.

பொறுமையாகக் கேட்டவர், "எல்லாம் சரி மேடம். தொவச்சி வந்தா எதுல மாட்டறது? நீலத்துலயே மாட்டினா மறுபடியும் அந்த ஒசரமான மனுசன்தான் எடுப்பாரு" என்றார்.

நியாயம்தானே. புது அளவுக்குப் புதுக் கலர் தையல், புது ஸ்டாண்டு. அவருடைய தையல் மிஷினில் அப்போது இருந்தது ஆரஞ்சு நூல். ஆரஞ்சு என்று முடிவாயிற்று. அளவுக்குக் கவுரியின் கையையே எடுத்தோம். அவள் உடம்புவாகு உள்ள பெண்களில் நடுவாக இருந்தது அவள் கைதான்.

கோட்டுகள் வரும் வரை அவள் எஸ் போட்டுக்கொண்டு ஓட்டினாள். கை சரியாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறை குனிந்து நிமிரும்போதும் நெஞ்சுப் பக்கத்துப் பிரஸ் பட்டன் திறந்துகொள்ளும். மிஷினை நிறுத்தி, திரும்பி நின்று, அழுத்திவிட்டு, மறுபடியும் ஓட்டுவாள். வெள்ளிக்கிழமை அந்த எஸ் கோட்டு அக்குள் பக்கம் கிழிந்தே விட்டது. அன்று மாலைதான் காதர் பாயின் வண்டி ஆறு ஆரஞ்சுக் கோட்டுகளோடு வந்தது. ஆறையும் டிடெக்டர் பெல்ட்டில் ஓட்டினேன். பாக்கெட்டுக்குப் பதில் கோட்டுகள் வரிசையாகப் படுத்துக்கொண்டு போனதை பேக்கிங் ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். சத்தம் வரவில்லை. ஆறையும் நானே புது ஸ்டாண்டில் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை.

ரயில்வே கேட் போட்டிருந்ததால் ஆரம்பாக்கம் பஸ் தாமதம். கவுரி ஓட்டமும் நடையுமாக வந்து பார்த்தால், ஆரஞ்சு ஸ்டாண்டு காலி.

ஒன்றுகூட இல்லை.

யார் எடுத்தார்கள்? கூடத்தின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பாய்லர் பார்க்கும் பெரியவர், எலக்ட்ரீஷியன், ஸ்டோர்ஸ் ஆள் இரண்டு பேர், எண்ணெய்ச் சட்டி ஆபரேட்டர். ஐந்து பேருக்கும் பொதுவாக என்ன இருந்தது? தொந்தி. தொந்திக்கு எல், கைக்கு எஸ். இத்தனை வருஷமாக அவர்களும் தொங்கல் கையோடுதான் திரிந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. புதிதாக ஒன்று தொங்குகிறதே என்று போட்டுப் பார்த்திருக்கிறார்கள், பொருந்திவிட்டது. வாசலில் நான் பார்த்தது மணிக்கட்டைத்தான், காலரின் உள்பக்கத்தை அல்ல; அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். உள்ளே போன கோட்டு வெளியே வந்து இன்னொருவர் உடம்புக்கு மாறக் கூடாது, அது விதி.

ஆறாவது?

மேனேஜர் உயரம் குறைந்தவர் என்பதை இதுவரை நான் சொல்லவில்லை. சொல்ல அவசியம் வரவில்லை. கொஞ்சம் வயிறும் உண்டு. அவர் வாஷ்பேசின் கண்ணாடி முன்னால் நின்று, இரண்டு மணிக்கட்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மிகச் சரியாக மணிக்கட்டில் முடிந்திருந்தது. காலரில் ஆரஞ்சு.

கவுரி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"சார், அது ஆரஞ்சு."

அவருக்குப் புரியவில்லை. "என்னம்மா ஆரஞ்சு?"

"காலர்ல பாருங்க சார். எங்களுக்குனு தச்சது."

ஸ்டாண்டில் இருந்தது, எடுத்தேன், கோட்டு எல்லாருக்கும் பொதுதானே என்றார். சொல்லிவிட்டு, "நல்லா உக்காந்திருக்கு" என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

"நல்லாத்தான் சார் உக்காரும். என் கைய அளந்துதானே தச்சாங்கோ."

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் திடீரென்று கையுறை மாட்டும் வேலை வந்துவிட்டது.

கவுரி குரலை உயர்த்தவில்லை. "இன்னிக்கு எனக்குக் கடைசி டிரையல் சார். நீங்கதான் நின்னு பாக்கப் போறீங்கோ. எஸ்ஸு கிழிஞ்சி போச்சி. எல்லு போட்டுகினு நின்னா கை அந்தக் கட்டையிலதான் போயி வுழும். வுழுந்தா நீங்களே போச் சொல்லிடுவீங்கோ."

மேனேஜர் என்னைப் பார்த்தார். விதி ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிற பார்வை. நான்தானே ஆலைக்கு விதி.

"நீங்க இன்னும் உள்ள போகலை சார். மாத்திக்கலாம்" என்றேன்.

கண்ணாடியில் இன்னொரு முறை மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். பிறகு பட்டன்களை ஒவ்வொன்றாக எடுத்தார். கோட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். முகத்தில் கோபம் இல்லை. கழற்ற மனமில்லாதது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அவள் வாங்கிப் போட்டுக்கொண்டு, என்னிடம் நகத்தைக் காட்டிவிட்டு உள்ளே போனாள். அவர் போய் நீலத் தையல் கோட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். விரல்கள் காணாமல் போயின. பழக்கத்தில் கையை ஒரு மடிப்பு மடிக்கப் போனார்.

பின்னாலிருந்து சாமுவேல் அண்ணன் மெதுவாகச் சொன்னார். "மடிக்கக் கூடாது சார். மேடம் வாசல்லயே நிக்கறாங்கோ."

மடிக்கவில்லை. அப்படியே உள்ளே போனார்.

அவர் முன்னால் கவுரி மிஷின் ஓட்டியதை நான் முழுதாகப் பார்க்கவில்லை. வாசலை விட்டு நகர முடியாது. கண்ணாடி வழியாகத் தெரிந்தது இவ்வளவுதான். ஒருமுறை பிளாஸ்டிக் சுருள் சிக்கியது. அவள் மிஷினை நிறுத்தி, கை நீட்டி, எடுத்துவிட்டு, மறுபடி ஓட்டினாள். துணி எங்கும் படவில்லை. அவள் கையிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றிருந்தார் மேனேஜர். அடுத்த தடவை சிக்கியபோது, தள்ளும்மா நான் பார்க்கிறேன் என்பது போல அவரே முன்னால் போனார். மிஷின் நின்றிருந்தது, ஆபத்தில்லை. அவர் விரல் போய்ச் சேருவதற்கு முன்னால் அவருடைய தொங்கல் கை போய் அந்தச் சூடான கட்டையின் மேல் உட்கார்ந்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கையைத் திருப்பிப் பார்த்தார். கவுரியையும் பார்த்தார். அவள் சிரித்தாளா இல்லையா என்பது முகக்கவசத்துக்குத்தான் தெரியும்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மெயில் போய்விட்டது. எனக்கும் நகல் வந்தது. கை குறைந்த எல், உடனடித் தேவை, இரண்டு ஷிஃப்டுக்கும் போதுமான எண்ணிக்கை என்று மூன்றே வரி. "அனுப்பலாம், பாக்கலாம்" என்பதற்கும் அந்த மூன்று வரிக்கும் நடுவே நடந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு காலைப் பொழுது முழுக்க அவருக்கு விரல் தெரியவில்லை.

கவுரி இப்போது கம்பெனி ஆள். ஆபரேட்டர். அந்தச் சனிக்கிழமையே கூடத்தில் நின்று அவளைத் தேர்வு செய்த தாளில் மேனேஜர் கையெழுத்துப் போட்டபோதும் அந்த நீலத் தையல் கோட்டின் கை பேனா மேல் விழுந்து விழுந்து மறைத்ததாம். ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போட்டிருக்கிறார். அவளே சொன்னாள்.

புதுக் கோட்டுகள் இன்னும் வந்து சேரவில்லை. அதுவரை அந்த ஆறுதான். காலையில் யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு. தொந்திக்காரர்கள் ஐந்து பேரும் கொஞ்ச நாளாக ஷிஃப்டுக்குச் சீக்கிரமே வந்துவிடுகிறார்கள். ஆரம்பாக்கம் பஸ்ஸும் முன்கூட்டியே கிளம்புகிறதாம். டிரைவரிடம் யார் பேசினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

போன திங்கட்கிழமை மேனேஜர் வந்தபோது ஸ்டாண்டில் ஒன்றுமில்லை. தயங்கித் தயங்கி, பெண்கள் வரிசையைப் பார்த்து, ஆரஞ்சு ஏதாவது மீதி இருக்கிறதா என்று கேட்டார். தான் போட்டிருந்த ஆரஞ்சுக் கோட்டின் கையை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டாள் கவுரி. "நாளைக்கு ஒண்ணு எடுத்து வெக்கறேன் சார்" என்றாள். எடுத்தும் வைத்தாள்.

இத்தனை நாள் தரப் பிரிவில் இருந்து நான் கற்றது இது: அளவு எடுக்க வேண்டிய முதல் ஆள், மெயில் அனுப்ப வேண்டியவர்தான்.